பஸ்ஸைத் துரத்திய குரல்

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்ட மகாராணிக்கு,

கட்டிய மனைவியின் குரலையே அடையாளம் தெரியாத காது என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் முன்னால் அந்தப் பழைய இசைத்தட்டைப் போட்டேன். பிரபலமான பாட்டுகளை ஊர்பேர் தெரியாதவர்களைப் பாடவைத்து மலிவாக விற்ற ரகம். சிரிப்பதற்கென்றே அவற்றைத் தேடித்தேடிச் சேர்க்கும் பிரகஸ்பதி நான்.

"யாரு பெத்த பொண்ணோ, பஸ்ஸைத் துரத்திக்கிட்டே பாடுது!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நீ காபியை வைத்துவிட்டு, "இந்த ரிக்கார்டுல நானும் பாடியிருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடி. உங்ககிட்ட சொல்லாம இருந்ததே நல்லதாப் போச்சு" என்றாய்.

நண்பர்கள் செருப்பைத் தேடி ஓடினார்கள். எனக்கு ஓட இடமில்லை, என் வீடாயிற்றே.

அன்றிலிருந்து அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். உச்சத்தில் நீ மூச்சுக்குத் தவிக்கும் இடத்தில் முள்ளைத் தூக்கித் திரும்ப அங்கேயே வைக்கிறேன். அசல் பாட்டில்கூட அந்தத் தவிப்பு இல்லை. சத்தியமாக அழுதேன். வந்துவிடு.

இப்படிக்கு,
வெட்கங்கெட்ட உன் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உன் அக்கா போன் செய்தார். நீ பாடியது அந்த இசைத்தட்டின் மறுபக்கத்திலாம்.