நாற்பத்தைந்தில் சுழல வேண்டிய தட்டு

கோபிக்கவே தெரியாத என் தவராசா மச்சானுக்கு,

நீ போய்ப் பதினொரு நாளாகிறது. நேற்றுத்தான் சல்லிக் கிராமத்துக்கு, உன் வீட்டுக்குப் போனேன். செத்த வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்பாய். பயத்தில் வரவில்லை. உன் முகத்தைப் பார்க்க வேண்டிவருமே என்ற பயம்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. இசைத்தட்டுகள் போய், இப்போதெல்லாம் கசற் நாடாக் காலம். கொழும்பு வாரப் பத்திரிகையில் என் றொக் இசைப் பக்கம் இன்னும் தவறாமல் வருகிறது. நகரில் இளந்தாரிகள் புதிதாக ஓர் இசைக்குழு தொடங்கி, விளக்கேற்ற என்னைத்தான் கூப்பிட்டார்கள். "றொக் சேவியர்" என்று எனக்குப் பேர். ஒரு றொக் கச்சேரியைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். கப்பல்காரரிடம் வாங்கிய இசைத்தட்டுகளைக் கேட்டே பெரிய ஆளானவன் நான். அதற்கு மாற்றாகக் கொடுத்தது உன் வீட்டுக் கருவாடு. கேட்டது உன் பற்றரிப் பிளேயரில். அதையெல்லாம் எந்த வாரமாவது எழுதினேனா?

அந்தச் சின்னத் தட்டை நீ மறந்திருக்க மாட்டாய். இறக்குமதி எல்லாம் நின்றிருந்த காலம். ஒரு கிரேக்கக் கப்பல்காரன் தந்தது. உன் கொட்டிலில், கழற்றிக் கிடந்த படகு இஞ்சின்களுக்கு நடுவே இருந்து கேட்டோம். பெரிய தட்டுக்கு வைத்திருந்த வேகத்தை மாற்றாமலே நான் முள்ளை வைத்தேன். தடித்த குரலில் ஒருவன் மெல்ல மெல்லப் பாடினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ மட்டும் பழுதான இஞ்சினைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டாய்.

"மச்சான், இது இழுபடுது. சுத்துற வேகம் காணாது. நாற்பத்தஞ்சில விட்டுப் பாப்பமே?" என்று விசையில் கை வைத்தாய்.

"கையை எடடா. இஞ்சின் கழுவுறவனுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும்?"

சொன்னேன், தவராசா. நீ சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டாய். நான் வீட்டுக்குப் போய், சாவின் வாசலில் நின்று பாடும் ஆண்குரல் என்று முழுப் பக்கம் எழுதினேன்.

அது ஒரு பெண் பாடிய துள்ளல் பாட்டு. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் சுழல வேண்டியதை முப்பத்துமூன்றில் விட்டுக் கேட்டிருக்கிறேன். வாசகர்கள் கடிதம் கடிதமாகச் சிரித்தார்கள். ஆசிரியர் விளக்கம் கேட்டார். பக்கம் பறிபோய்விடும் என்று நடுங்கிப்போய் எழுதினேன்: சல்லியில் இஞ்சின் திருத்தும் நண்பர் தவராசா பிளேயரின் வேகத்தைப் பிழையாக வைத்துவிட்டார். அதுவரை ஒருநாளும் போடாத உன் பேரை அன்றைக்குத்தான் அச்சில் போட்டேன்.

பிறகு நடந்தது தெரியாது என்று சொல்ல ஏலாது. "பாட்டுப்பெட்டியின்ர வேகமே பிடிபடாதவனிட்ட இஞ்சினைக் குடுக்கிறதோ?" என்று கரையில் கதைத்தது நகர்வரை வந்தது. "இழுவை" என்று உனக்குப் பட்டம் வைத்தார்கள். வேலை குறைந்து நீ புல்மோட்டைக்குக் கூலிக்குப் போனாய். நான் சல்லிப் பக்கம் சைக்கிளைத் திருப்புவதையே விட்டுவிட்டேன். ஒரு வரி எழுதியிருந்தால் போதாதா? என் மானம் பெரிதாயிருந்தது, வேறென்ன.

நேற்று உன் மனைவி கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தா. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னா:

"அண்ணை, அவர் பிளேயரைப் பிழையாப் போட்டதால உங்களுக்குப் பெரிய அவமானமாப் போச்சுது. அதாலதானே இஞ்சால வராமல் விட்டனீங்கள்? நான் கேக்கிற நேரமெல்லாம், 'ஓம், பிழை என்னிலதான்' எண்டுதான் கடைசிவரைக்கும் சொன்னவர். மனசில வைச்சிராதேங்கோ. அவருக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன்."

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? "பரவாயில்லைத் தங்கச்சி, நான் அதை எப்பவோ மறந்திட்டன்" என்றேன். உன் வீட்டில், உன் படத்துக்கு முன்னால் இருந்துகொண்டு, உன்னை மன்னித்துவிட்டு வந்தேன். என்னை நினைக்க எனக்கே கூசுகிறது.

இந்தக் கடிதம் என் பக்கத்தில், என் பேரோடு வரும். அதற்குப் பிறகு பக்கம் போனால் போகட்டும். ஆனால் உன் மனைவி அச்சில் பார்த்து அறியக் கூடாது. நாளைக் காலை சல்லிக்கு வருகிறேன். கரையில் நிற்கும் படகுக்காரரையும் கூட்டிக்கொண்டுபோய், அவவுக்கு முன்னால் சத்தமாக வாசிப்பேன். நீ என்னை மன்னிக்க வேண்டாம். உனக்காக அவ கேட்ட மன்னிப்பைத் திருப்பிக் கொடுக்கத்தான் வருகிறேன்.

அந்த உறவுக்குத் தகுதியில்லாத
உன் மச்சான்,
சேவியர்