தமிழில் கத்திய இரண்டாம் தளம்

மே 4, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். ஹம் நகர மைதானம் முழுக்கச் சேறு. பயிற்சி ரத்து. சப்பாத்துக் கழுவ வேண்டும். பல் டொக்டரிடம் நேரம் எடுக்க வேண்டும்.

குகன் கழகம் மாறிவிட்டான். பக்கத்து நகரத்துக்கு. பதினொரு வருடம் பேஸ்போலில் என் பக்கத்தில் நின்றவன்; நான் இரண்டாம் தளம் காப்பவன், அவன் எனக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையில் நிற்கும் ஷோர்ட்ஸ்டொப். வட்ஸ்அப் குழுவில் "வெளியேறினார்" என்று வந்த பிறகுதான் எனக்கே தெரியும். நூறு வருடத்துக்கு முந்தி அமெரிக்காவில் சம்பளத்துக்கு எங்கள் இடங்களில் ஆடியவர்கள், தங்களைக் கழகம் விற்றதைப் பேப்பரில் பார்த்துத்தான் அறிவார்களாம். அவர்களை விற்றது முதலாளி. இவன் என் கூட்டாளி.

மனைவி: "பெரிசா யோசியாதேங்கோ. அவற்ற வேலையும் அங்கதானே."
ஓம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மே 8, வியாழன்
வெயில். குகனின் இடத்தில் இனி யோனாஸ். தச்சு வேலைக்காரன், நல்ல கை.

எங்கள் சத்தங்களைச் சொல்லிக்கொடுத்தேன். எதிரணி ஆள் இரண்டாம் தளத்துக்கு ஓடப் பார்த்தால் எங்கள் இருவரில் ஒருவர் போய் மறிக்க வேண்டும். போகிறவனின் இடம் வெறுமையாகும். யார் போவது என்று முன்கூட்டித் தெரிந்தால் அடிப்பவன் அங்கேயே அடிப்பான். மற்றவர்கள் கையுறையால் வாயை மறைத்துச் சைகை காட்டுவார்கள். குகனுக்கு நான் பந்து எறிய முன் தமிழில் கத்துவேன். "நான் வாறன்" என்றால் நான். "நீ போ" என்றால் அவன். இங்கே யாருக்கு விளங்கும்?

குகனுக்கு விளங்குமே, மாற்றுவோமா என்று யோனாஸ் கேட்டான். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றேன். கொஞ்சம் சூடாகவே.

மே 18, ஞாயிறு
காற்று. குகனின் புதுக் கழகத்தோடு ஆட்டம். அவன் ஆடவில்லை, மாற்று ஆட்கள் இருக்கும் வாங்கில் இருந்தான். "என்ன மச்சான், சுகமே?" என்று தோளில் தட்டினான். எனக்குச் சந்தோஷம் வேறு.

மூன்றாம் சுற்று. "நான் வாறன்!" ஓடினேன். பந்து நான் விட்ட இடத்தால் போனது. தற்செயல்.
ஐந்தாம் சுற்று. "நீ போ!" யோனாஸ் விட்ட இடத்தால் போனது.
ஏழாம் சுற்றில் கத்திவிட்டு வாங்கைப் பார்த்தேன். குகன் வலது காதைத் தொட்டான். அடிப்பவன் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தோற்றோம். யோனாஸ் என் கையுறையையும் எடுத்துப் பையில் வைத்தான். திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

மே 19, திங்கள்
மழை. வேலை செய்யும் களஞ்சியத்தில் இரண்டு பலகைத்தட்டுப் பெட்டிகளை இடம் மாற்றி அடுக்கிவிட்டேன். பயிற்சியாளரிடமிருந்து செய்தி: இனிச் சைகை மட்டும். அடுத்த ஆட்டத்தில் நான் வாங்கில்.

பின்னேரம் குகன் அழைத்தான்.
"கோவமே?"
"பதினொரு வருசமடா."
"மச்சான், அவங்கள் கேட்டாங்கள், சொன்னனான். நீ மாத்தியிருப்பாய் எண்டுதான் நினைச்சன். நான் போனாப்பிறகும் ஆர் அதையே வைச்சிருப்பான்?"
"நான்" என்றேன்.