டிஸ்க் இல்லாத பெட்டி

11 ஆகஸ்ட் 2007, சனி

கல்லூரி மலருக்குக் கட்டுரை கொடுத்தாயிற்று. ‘விளையாட்டுப் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் தேவையா?’ டிவியில் மாட்டி வீடியோ கேம் ஆடுகிற பெட்டிக்கு அது தேவையில்லை என்று ஐந்து பக்கம். சுழல்கிற சாமான் எதுவும் ஒருநாள் நின்றுபோகும். பெட்டியின் விலை ஏறும். உள்ளே இடம் தாராளமாக இருக்கிறதென்று தெரிந்தால் கம்பெனிக்காரன் அரைவேக்காட்டு கேமை விற்றுவிட்டு, அப்புறம் சாவகாசமாகச் சரிசெய்து அனுப்புவான். ஆடியதைச் சேமிக்கக் கட்டைவிரல் அகலத்தில் ஒரு மெமரி கார்டு போதும். கடைசி வரி எனக்கே பிடித்துப்போனது: ‘நினைவு என்பது மனிதனின் பொறுப்பு.’ கோயில் கோஷ்டியில் புத்தகம் பார்க்காமல் பாசுரம் சொல்கிற வம்சம். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஸுபத்ராவுக்குப் படித்துக் காட்டினேன். “பேஷ். என் தோட்டம் அந்தக் கார்டுலதான் இருக்கு. அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்கோ” என்றாள். மனைவிகளுக்குத் தத்துவம் பிடிபடுவதில்லை.

19 ஆகஸ்ட், ஞாயிறு

மார்ச்சில் பெட்டி வாங்கியபோதே கடைக்காரர் கமல் படித்துப் படித்துச் சொன்னார். “சார், டிஸ்க் இருக்குற பொட்டியா எடுத்துக்கினு போங்க. கார்டு நாளைக்கே கெட்டுப்பூடும்.” அவருக்கு இருபது நிமிஷம் பாடம் எடுத்தேன். ஏனாத்தூர் கல்லூரியில் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் நடத்துகிறவன், கடைக்காரரிடம் பாடம் கேட்பதா? டிஸ்க் இல்லாததைத்தான் வாங்கினேன்.

வாங்கியது என் கிரிக்கெட் கேமுக்கு. அதற்கு இலவசமாக ஒரு தோட்ட கேம் வந்தது. செடி வைக்கலாம், குளம் வெட்டலாம், பறவைகள் தாமாகவே வந்து தங்கும். ஸுபத்ரா அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். அவளுக்கு நிஜத் தோட்டம்தான் ஆசை. கொல்லையில் கார் நிறுத்த வேண்டுமென்று போன வருஷம் நான் சிமென்ட் போட்டுவிட்டேன்.  தினமும் நாலு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். மயில் வந்ததாம், முட்டை வைத்ததாம். நானும் ‘ம்’ போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பேன்.

20 அக்டோபர், சனி

ஆயுத பூஜை. ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் புத்தகம், காரின் சாவி, கால்குலேட்டர், பெட்டி, எல்லாம் அடுக்கினேன். திருமண் குழைத்து ஒவ்வொன்றுக்கும் இட்டேன். மெமரி கார்டுக்கும்தான். அதையும் ஆயுதம் என்று மதித்த ஒரே ஆத்மா இந்தத் தெருவில் நானாகத்தான் இருக்கும். கார்டின் ஓரத்தில் பொன் நிறத்தில் பளபளவென்று ஒரு இடம் இருந்தது. திருமண் இடத் தோதான இடம்.

21 அக்டோபர், ஞாயிறு

காலையில் ஸுபத்ராவை பெங்களூர் பஸ் ஏற்றினேன். அவள் தங்கை மானஸாவுக்குப் பிரசவம். தீபாவளிக்குத்தான் வருவாள்.

மத்தியானம் பூஜை பிரித்தேன். கார்டைச் செருகினால் பெட்டி கண்டுகொள்ளவில்லை. பளபளத்தது மின் தொடர்பு முனை. அதில் மண் காய்ந்து இறுகியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். மறுபடி செருகினேன். ‘கார்டைப் படிக்க முடியவில்லை. ஃபார்மட் செய்யலாமா?’ என்று கேட்டது.

இந்த இடத்தில் ஒருபோதும் ஆம் என்று அழுத்தாதே, உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் — வருஷா வருஷம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

அழுத்தினேன். ஏண்டா அழுத்தினாய்? தெரியலையே!

22 அக்டோபர், திங்கள்

கமலிடம் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடியில் பார்த்தார். “இன்னா சார் இது வெள்ளையா, சுண்ணாம்பா?”

திருமண் என்றேன்.

“வெறும் மண்ணுன்னா சுரண்டி எடுத்துக் குடுத்திருப்பேன். நீங்க ஃபார்மட்டு பண்ணிக்கினு வந்து நிக்கிறீங்களே. நீங்கதானே சார் கம்ப்யூட்டர் வாத்தியாரு?”

அவள் ஏழு மாதம் வளர்த்த தோட்டம். சொல்லிவிட வேண்டியதுதான். போனில் எப்படிச் சொல்வது? அங்கே பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு இருக்கிறாள். இது சாக்கு, தெரியும். பயமாக இருக்கிறது. வருவதற்குள் அப்படியே திரும்பக் கட்டிவிடுவேன். மனப்பாட வம்சம் அல்லவா!

23 அக்டோபர், செவ்வாய்

காலிக் கார்டைச் செருகி, கேமைப் போட்டு உட்கார்ந்தேன். குளம் இடப்பக்கமா வலப்பக்கமா? ஒன்றுமே ஞாபகமில்லை. ஞாபகம் இருக்க, பார்த்திருக்க வேண்டுமே.

24 அக்டோபர், புதன்

சாயங்காலம் போன் செய்தேன். குழந்தை, மானஸா, பத்தியம் எல்லாம் விசாரித்துவிட்டு, “சும்மாதான் கேக்கறேன், உன் குளம் எந்தப் பக்கம்?” என்றேன். “என்ன திடீர்னு?” என்றாள். அப்புறம் சொன்னாள். குளத்தில் ஒரு வாத்து, பேர் ஜெயம்மாள். எதிர்வீட்டு மாமி பேர். “வரும், சுத்திப் பாக்கும், குத்தம் சொல்லிட்டுப் போயிடும், அதான்.” நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

நாற்பத்தேழு நிமிஷம் பேசியிருக்கிறோம்.

28 அக்டோபர், ஞாயிறு

கிணறு, கொய்யா, மல்லிகைப் பந்தல் முடிந்தது. மயில் வரவேண்டுமானால் முதலில் பாம்பு வரவேண்டுமாம். கேட்டுக் குறித்துக்கொண்டேன். கல்லூரியிலிருந்து நேரே வீட்டுக்கு ஓடி வருகிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆறு மணி எப்போது ஆகும், போன் போடலாம் என்றிருக்கிறது.

1 நவம்பர், வியாழன்

கிழக்கு மூலையில் என்ன வைத்தாய் என்று கேட்டேன்.

“அங்கே ஒண்ணும் இல்லை. நம்மாத்துக் கொல்லை எவ்வளவோ அவ்வளவு இடம், காலியா விட்டிருக்கேன்.”

 சட்டென்று பேச்சை மாற்றிவிட்டேன். கோழை.

6 நவம்பர், செவ்வாய்

வந்துவிட்டாள். காபி குடித்த கையோடு டிவியைப் போட்டாள். நான் பின்னாலேயே நின்றேன். தோட்டம் முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு, “நன்னாதான் பண்ணியிருக்கேள். ஆனா இது என்னோடது இல்லை” என்றாள்.  கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திருமண், பிரஷ், ஃபார்மட்.

“தெரியும். மொதல் போன்லயே தெரிஞ்சுடுத்து. குளம் எந்தப் பக்கம்னு கேக்கற ஆளா நீங்க?”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா, மறுநாள் போன் பண்ணியிருப்பேளா?”

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அலம்பினேன்.

10 நவம்பர், சனி

கமல் கடைக்குப் போய் டிஸ்க் உள்ள பெட்டியே வாங்கிவந்தேன். மனுஷர் பில் போட்டு, பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார். இடித்துக் காட்டியிருந்தால் தேவலை.

கல்லூரி மலர் வந்துவிட்டது. என் கட்டுரைதான் முதலில். ‘ஆணித்தரமான வாதம் சார்’ என்று நாலு பேர் கைகுலுக்கினார்கள். நானும் குலுக்கினேன்.

25 நவம்பர், ஞாயிறு

ஸுபத்ராவின் புதுத் தோட்டம் தளதளவென்று வளர்கிறது. ஒவ்வொன்றையும் பெட்டியே எழுதி வைத்துக்கொள்கிறது. கார்டு கிடையாது, கவலை கிடையாது. நான் பழையபடி கிரிக்கெட்.

16 டிசம்பர், ஞாயிறு

ஸுபத்ரா வெள்ளிக்கிழமை மறுபடி பெங்களூர் போனாள், குழந்தையைப் பார்க்க. ஆறு மணிக்கு போன் செய்தேன். குழந்தை சௌக்கியம். மானஸா சௌக்கியம். அப்புறம் என்ன பேசுவதென்று தெரியாமல், புதுசா ஒரு நாரை வந்திருந்ததே, அதற்கு என்ன பேர் வைத்தாய் என்று கேட்டேன்.

“எல்லாம் டிஸ்க்லதானே இருக்கு? போட்டுப் பாத்துக்கோங்கோ” என்றாள். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். “வேறென்ன?”

வேறொன்றுமில்லை என்றேன். வைத்துவிட்டாள்.