புளி போட்டுத் தேய்த்த பதக்கம்

அக். 18, 1996, வெள்ளி. எடிசன், அமெரிக்கா.

காலை முதல் தூறல். துணி உலரவில்லை.

ஊரில் நான் டீச்சராக இருந்தபோது ஏழாம் வகுப்புப் பழனியம்மாள் ஒருமுறை கேட்டாள்: "டீச்சர், பம்பரம் செஞ்சது ஒரு ஊர்ல, வாங்கினது ஒரு ஊர்ல, சுத்தறது நம்மூர்ல. அது எந்த ஊர்ப் பம்பரமுங்க?" மணி அடித்துவிட்டது, அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன். பக்கத்து வீட்டு மூதாட்டி டாரதி இன்று ஒரு சின்னப் பதக்கப் பெட்டியோடு வந்தபோது அது நினைவுக்கு வந்தது.

அவர் அப்பா கறுப்பினச் சிப்பாய். முதல் உலகப் போரில் பிரான்ஸில் சண்டை. பிரெஞ்சுக்காரர்கள் வெண்கலச் சிலுவைப் பதக்கம் கொடுத்தார்கள். சொந்த நாடு ஒன்றும் தரவில்லை. டாரதியின் அண்ணன் மகன் அதை லண்டன்காரர் ஒருவருக்கு விற்கப் பேசிவிட்டான். செவ்வாயன்று வருகிறாராம்.

"இங்க யாரும் கேக்கலையே, மீனா. கேக்கிறவர் கடல் தாண்டி இருக்காரு." (பேசியது ஆங்கிலம். எழுதுவது என் தமிழ்.) அனுப்ப அவருக்கு மனமில்லை. பெட்டியை மூடவே இல்லை.

ஞாயிறு ஆயுத பூஜை, பிழைக்க உதவும் பொருளையெல்லாம் வைத்துக் கும்பிடுவோம், மருமகனின் கம்ப்யூட்டரைக்கூட என்றேன். "அப்ப அப்பாவோடதையும் வைங்க, போறதுக்கு முன்னாடி." கொடுத்துவிட்டுப் போனார்.

அக். 19, சனி.

வெயில். வேலைகள்: கொண்டைக்கடலை ஊற. ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் பூ, வெற்றிலை. விளக்கு, மணி தேய்க்க.

புளியும் உப்பும். விளக்கு முடிந்தது. பதக்கமும் கறுத்துக் கிடந்தது. ரிப்பனைக் கழற்றிவிட்டு அதையும் தேய்த்தேன். பளபள.

மகள் சுதா கடையிலிருந்து வந்து பார்த்தாள். "அய்யோ அம்மா! பழைய ஆன்டிக் சாமானை யாராவது தேய்ப்பாங்களா? அந்தக் கறுப்புக்குத்தாம்மா வேல்யூவே!"

மருமகன்: "அத்தை கார் வாஷ்ல விட்டு எடுத்துட்டாங்க."

சிரிப்பு வரவில்லை. பிறர் நோட்டைக் கேட்காமல் தொடாதே என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்!

அக். 20, ஞாயிறு.

பூஜை. சுண்டலில் உப்பு கம்மி. டாரதி உள்ளே வந்ததுமே தேய்த்ததைச் சொல்லிவிட்டேன். பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது இப்படி மின்னி நான் பார்த்ததே இல்ல. அப்பா பார்த்திருப்பார்."

கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

அக். 22, செவ்வாய்.

குளிர். லண்டன்காரர் வந்தார். நானும் டாரதி வீட்டில். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். யார் தேய்த்தது என்று கேட்டார். வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போல் கை தூக்கினேன். தலையை ஆட்டினார், வேண்டாமென்று கிளம்பிவிட்டார். அண்ணன் மகன் என்னைப் பார்க்கவேயில்லை.

"மன்னிச்சிடுங்க டாரதி."

"எதுக்கு? வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. உங்க புளி சொல்லிடுச்சு." வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக். 24, வியாழன்.

சுதா அரை நாள் லீவு. பதக்கத்தை அங்கே வைக்கலாமா என்று கேட்க டாரதி, சுதா, நான் மூவருமாக ஊர் நூலகம். உள்ளூர் வரலாற்றுக்கென்று அங்கே ஒரு கண்ணாடி அலமாரி. படங்கள் எல்லாம் மேயர்கள், தீயணைப்புக்காரர்கள். ஒரு கறுப்பு முகம்கூட இல்லை.

நூலகப் பெண் பதக்கத்தை வாங்கிப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி ஏன் கொண்டு வரல?"

"யாரும் கேக்கல."

"நீங்களும் எங்களைக் கேக்கலையே!"

தேய்த்தது பாதகமில்லையாம், இனித் தேய்க்கக் கூடாதாம். ஆனால் யாருடையது, எப்படிக் கிடைத்தது என்று எழுதித் தர வேண்டும். எழுத்தில்லாவிட்டால் வெறும் உலோகம்தான் என்றார்.

அக். 26, சனி.

டாரதி சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டு நாள், நான்கு பக்கம். போருக்குப் பின் அவர் அப்பா இந்த ஊரிலேயே பால் வண்டி ஓட்டியிருக்கிறார். பதக்கத்தைச் சட்டையில் குத்தியது ஒரே நாள், மகள் டாரதியின் கல்யாணத்தன்று. கீழே டாரதி கையெழுத்துப் போட்டார். பதக்கம் இனி நூலக அலமாரியில்தான்; இந்த ஊரை விட்டு எங்கும் போகாது.

சுதா, இதைப் படித்தால்: உன் அப்பாவின் கைக்கடிகாரம் என் பெட்டியில் இருக்கிறது. அது யாருடையது, எப்படி வந்தது என்று என்னைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி வை.