வாழை மரத்து மாப்பிள்ளை

உங்களுக்கு பர்வதத்தின் நமஸ்காரம். முழங்கால் வலி தேவலையா? செங்கல்பட்டில் வெயில் ஏறியிருக்கும், மோர் குடியுங்கள்.

பயப்படாமல் படியுங்கள். இங்கே ஜெர்மனியில் நம் மதுவந்தியின் கல்யாணப் பதிவு தள்ளிப்போய்விட்டது. வெளிநாட்டுப் பெண்ணுக்கு முன்னமே கல்யாணம் ஆகவில்லை என்று உறுதி வேண்டுமாம். மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்துப் பெண், "அம்மா, மகளுக்கு முந்தி கலியாணம் நடந்ததோ?" என்று என்னைக் கேட்டாள்.

பொய் சொல்லக் கூடாதே என்று, "ஆச்சே, செவ்வாய் தோஷத்துக்காக, படாளத்துல வாழை மரத்தோட" என்றேன்.

"அந்த மாப்பிள்ளை இப்ப எங்கை எண்டு அதிகாரி கேக்கிறார்."

"அன்னிக்கே வெட்டியாச்சு."

நம் மாப்பிள்ளையாகப் போகிற லூக்காஸ் சிரித்துவிட்டார். மது சிரிக்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டு, முதல் கல்யாணம் முடிந்ததற்கு ஆதாரம் கேட்டுவிட்டார்.

மது கல்யாணமாகாதவள் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதி, வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அபோஸ்டில் முத்திரையும் வாங்கி அனுப்புங்கள். அது வெறும் பரிகாரம் என்று அன்று மந்திரம் சொன்ன வாத்தியாரும் எழுதித் தரட்டும். கூடவே கொஞ்சம் விளக்குத் திரி வையுங்கள். பகலெல்லாம் எனக்குப் பேச்சுத்துணை இங்கே நான் ஏற்றும் சாமி விளக்குதான்.

அடுத்த தேதி ஆடியில் கிடைத்திருக்கிறது. ஆடியில் கல்யாணமா என்று நான் வாய் திறக்கவில்லை. அன்று படாளத்து வாழைத் தோப்பில், "வேண்டாம்மா, வெக்கமா இருக்கு" என்று அழுதவளை இழுத்து உட்கார வைத்தவள் நான்தானே.

கதவு திறக்கும் சத்தம் கேட்கிறது, மது வந்துவிட்டாள். இன்றைக்காவது என்னோடு பேசுகிறாளா பார்க்கிறேன்.

பர்வதம்