அண்ணனுக்கு வந்ததாகச் சொன்ன காய்ச்சல்

அன்பு மாறாத செல்வராசு அண்ணனுக்கு,

முதலில் மன்னித்துவிடு. ஊரெல்லாம் படிக்கும் பத்திரிகையில் உனக்கு எழுதுகிறேன். நாலு பேர் கூடியிருந்தால் வாய் திறக்காதவள் நான் என்று உனக்குத் தெரியும். வேறு வழி இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

நான் பட்டம் வாங்கிவிட்டேன். நம் தெருவில் நான்தான் முதல் ஆள். தஞ்சாவூரில் சிறுவர்களுக்கான கலைக்களஞ்சியம் ஒன்று தயாராகிறது. அந்த அலுவலகத்தில் கட்டுரைகளைச் சரிபார்க்கும் வேலை. மகள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறாள் என்று அம்மா எல்லாரிடமும் சொல்கிறாள்.

போன மாதம் என் மேசைக்கு ஒரு கட்டுரை வந்தது. தலைப்பு, 'மடைக்குப் போன நத்தை'. உன் புத்தகம் அண்ணே. மன்னார்குடி வாத்தியார் கதை எழுத, விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த நீ படம் போட்டாயே, அதேதான். அச்சாகி வந்தபோது நீ இல்லை.

கட்டுரையை எழுதிய பேராசிரியர் பொறுமையான மனிதர். நத்தையின் கண்ணிலிருந்தே நீ வயலைப் பார்த்திருக்கிறாய், ஒவ்வொரு நாற்றும் பனைமரம் போல நிற்கிறது என்று எழுதியிருந்தார். சந்தோஷமாக இருந்தது. கடைசிப் படத்தில்தான் தடுக்கியது. 'அறுவடையை வரப்பில் நின்று கண்டு மகிழும் ஊர்மக்கள்' என்றிருந்தது. இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு நம் சனம் எப்போது அறுவடையை வேடிக்கை பார்த்தது? கூலியைக் கூட்டிக் கேட்டதற்காக மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்த வருஷம் அது. நம்மை வரப்போடு நிறுத்திவிட்டார்கள். அதைத்தான் வரைந்திருந்தாய். அந்த வருஷம் நின்றோம். அடுத்த அறுவடையில் நிற்கவில்லை, வயலில் இறங்கினோம்.

அதற்குக் கீழே ஒரு வரி: 'ஓவியர் செல்வராசு, நூல் வெளிவருமுன் காய்ச்சலால் காலமானார்.'

பேராசிரியர் மேல் தப்பில்லை. நம் வீட்டுக்கே வந்து கேட்டிருக்கிறார். அம்மாதான் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

மாட்டுவண்டியில் உன் தலை என் மடியில் இருந்தது அண்ணே. மிராசுதாரின் ஆட்கள் அடித்த அடி காதுக்கு மேலே பிளந்து கிடந்தது. மன்னார்குடி ஆஸ்பத்திரி வரை நீ தாங்கவில்லை. வண்டியைப் பாதி வழியில் திருப்பினார்கள். இருட்டுவதற்குள் அம்மா என் பாவாடையை வாய்க்காலில் அலசினாள். அப்புறம் ஈரத்துணியை மடித்துக் காது மறைய உன் நெற்றியில் போட்டாள். பார்க்க வந்தவர்களிடம் காய்ச்சல் என்றாள். அவர்களும் தலையாட்டினார்கள். அவர்களில் பாதிப்பேர் உன்னோடு வயலில் இருந்தவர்கள். நம் குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. தெரு முழுக்க அப்படித்தான். கேஸ் என்று போனால் குடிசைகளைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அப்புறம் எங்கே போவது?

கட்டுரையை எங்கள் ஆசிரியரிடம் எடுத்துப்போனேன். வரப்பில் நிற்பவர்களைப் பற்றிச் சொன்னதும் அந்த வரியை அடித்துத் திருத்தினார். அடுத்த வரியும் சரியில்லைங்க என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். எங்க ஊருங்க என்றேன். பேனாவை மூடிக்கொண்டே சிரித்தார்.

"ஊருக்குத் தெரிஞ்சா போதுமாம்மா? அச்சுல எங்கயாவது வந்திருக்கா? அச்சுல வந்தத மறுபடி அச்சடிக்கிறோம், அவ்வளவுதான் நம்ம பொழப்பு."

"எங்க அண்ணன்ங்க."

சிரிப்பை நிறுத்திக்கொண்டார். உட்காரச் சொன்னார். பெற்ற தாய் சொன்னதற்கு மாறாக எழுத முடியாது, அம்மா மாற்றிச் சொல்லவேண்டும், இல்லையென்றால் அச்சில் ஏதாவது வேண்டும் என்றார். அந்த நாளின் செய்தித்தாள்களைத் தேடிப் பார்த்துவிட்டேன். எதிலும் உன் பெயர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். மனைக்கு இப்போது அம்மா பெயரில் பட்டா இருக்கிறது. நீ சுவர் சுவராக எழுதித் திரிந்தாயே, அந்தக் கட்சியின் ஆட்சியில்தான் கொடுத்தார்கள். இனி நம்மை யார் கிளப்ப முடியும் என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் முறத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"பட்டா மனைக்குத்தான்டி. தம்பி இன்னும் அவங்க வயல்லதான எறங்குறான்?"

அந்தத் தம்பியோ எழுது என்கிறான். வேலை போனால் பேராவூரணியில் தேங்காய் உரிக்கப் போவானாம்.

பேராசிரியர் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"சொல்லிச் சொல்லி, எனக்கு அவன் காய்ச்சல்லதான்டி போனான். துணிய நனைச்சு நனைச்சுப் போட்டேன், கேக்கல, போயிட்டான். இத்தன வருஷமா அப்படித்தான் தூங்குறேன். அதையும் புடுங்கிக்கிட்டுப் போறியா?"

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் அண்ணே?

பஸ்ஸுக்குக் கிளம்பியபோது வாசல்வரை வந்தாள். சோற்றுத் தூக்கை என் கையில் திணித்தாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எழுதுறதுன்னா எழுதிக்க. என்னையக் கேக்காத. கேட்டா காய்ச்சல்னுதான் சொல்லுவேன்."

அதனால் எழுதுகிறேன். ஓவியர் செல்வராசு காய்ச்சலில் சாகவில்லை. கூலி கேட்டு வயலில் இறங்கியதற்காக அடித்துக் கொன்றார்கள். பார்த்தவள் நான். இதோ, அச்சில் வந்துவிட்டது.

இந்தப் பக்கத்தை வெட்டியெடுத்து ஆசிரியரின் மேசையில் வைப்பேன். அந்த வரி மாறாமல் கட்டுரை அச்சுக்குப் போகாது. இது சத்தியம்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு நேரம் தயங்கினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வேறு யாராவது சொல்லி அவள் காதில் விழுவதற்கு முன்னால், நானே போய் இதை முழுக்கப் படித்துக் காட்டப் போகிறேன். அப்போது எனக்குத் துணையாக வந்து நிற்காதே அண்ணே. அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்.

உன் கூடப் பிறந்த தங்கச்சி,
பூங்கொடி