பாத்திரத்தின் அடியில் லவோன் பெயர்

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் நாயும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே நியூசிலாந்தில் உனக்கு வெயில் காலம், தொப்பி போடாமல் அலையாதே. மினசோட்டாவில் வாசல் முழுக்கப் பனி, நேற்று தபால் பெட்டி எங்கே என்று தேடித்தான் கண்டுபிடித்தேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், எனக்குத் தொடர் விட்டுப்போகும். விஷயம் என்னவென்றால், செவ்வாய்க்கிழமை மார்லிஸை இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். உன்னை ஆறு வருடம் பள்ளிப் பேருந்தில் ஏற்றிச் சென்ற அதே டிரைவர் அம்மாள் மார்லிஸ்தான். அவர் நம் வீட்டு மேஜையில் அடிக்கடி உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. சொல்லிவிட்டேன். இனி முழுவதையும் படி.

சனிக்கிழமை முன்னாள் படைவீரர் மன்றத்தில் இறைச்சியைப் பரிசாகக் கொடுக்கிற சீட்டுக் குலுக்கல். ஏழு வருடமாகச் சீட்டு வாங்குகிறேன், ஒரு பன்றித் தொடை கூட விழுந்ததில்லை, அன்றைக்கு எலும்போடு ஒரு வான்கோழி நெஞ்சு விழுந்தது. பக்கத்து மேஜையில் இருந்த மார்லிஸ் கை தட்டினார். நான் எதையும் யோசிக்காமல், செவ்வாய்க்கிழமை வாருங்கள், நானே சமைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பாவுக்கு முட்டை அவிக்கத் தெரியும், அதுவும் சில நாள்தான் சரியாக வரும். ஆனால் வாய் விட்டாயிற்று.

நீ பயப்படுகிற அளவுக்கு அது கஷ்டமில்லை. மூன்று நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு போக்கினேன். செவ்வாய் காலையில் மெதுவாக வேகவைக்கும் மின்சட்டியில் வெங்காயம், செலரி, ஒரு துண்டு வெண்ணெய், கொஞ்சம் தண்ணீர், அதன்மேல் வான்கோழியைப் போட்டு மூடிவிட்டு, நாயோடு நடக்கப் போனேன். சாயங்காலம் தொட்டாலே சதை எலும்பை விட்டுக் கழன்றது. அதைப் பிய்த்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பி, பட்டாணி, ஒரு டப்பா காளான் சூப், மேலே கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு உருண்டைகள். எலும்பை மட்டும் சூப்புக்கு ஆகும் என்று சட்டியிலேயே விட்டு மூடினேன். நாற்பது வருடம் கவுன்டி நிர்வாகத்துக்கு நிலம் அளந்தவன் உருண்டையைக் கண்டபடி கொட்டுவேனா? ஸ்கேல் வைத்து, வரிசைக்கு ஒன்பது என்று அடுக்கினேன். ஒரே ஒரு குறை, உள்ளே கிரேவிப் பொட்டலம் இருக்கிறது என்று வான்கோழி உறையில் எழுதியிருந்தது, பார்த்தால் இல்லை. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று, பாத்திரம் அடுப்பில் இருந்த நேரத்தில் ஒன்றரைப் பக்கம் புகார்க் கடிதமும் எழுதி முடித்தேன்.

மார்லிஸ் ஐந்தரைக்கு வந்தார். நீல ஸ்வெட்டர். முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார், எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். மறுபடி கேட்டேன், ஐயோ வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை கேட்டதும், இவ்வளவு சொல்கிறீர்கள் என்பதால் ஒரு கரண்டி என்று தட்டை நீட்டினார். கிரேவி இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று மட்டும் மெல்லச் சொன்னார். நான் புகார்க் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மூன்றாவது பத்தி ரொம்பக் காரசாரம் என்றார்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் பாத்திரம் கழுவியே தீருவேன் என்று எழுந்தார். மிச்சத்தை ஒரு டப்பாவில் மாற்றிவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அடியில், யார் வீட்டுப் பாத்திரம் என்று தெரிய ஒட்டுகிற டேப்பில், பெரிய எழுத்தில் லவோன் என்று இருந்தது. ஆமாம், மாதா கோயில் குழுவில் எல்லோரையும் அதட்டுகிற லவோன். உன் அம்மா தவறியபோது துக்க வீட்டுக்குச் சாப்பாடு வைத்து வந்த பாத்திரம் அது. திருப்பிக் கொடுக்கப் போனால் வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது, அதில் வைக்க எனக்கு ஒன்றும் சமைக்கத் தெரியாது. அதனால் மூன்று வருடமாக ஐந்து பேருடைய பாத்திரம் அலமாரியில் கிடக்கிறது. கடையில் லவோனைக் கண்டால் நான் நாய்த்தீனி அடுக்கின் பின்னால் ஒளிந்துகொள்கிறேன்.

மார்லிஸ் முப்பது வருடம் பேருந்துக் கண்ணாடியில் பார்த்தே பின்சீட்டில் யார் புளுகுகிறார்கள் என்று கண்டுபிடித்தவர். கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "டெல்மர், இந்த உருண்டையெல்லாம் இப்படி நூல் பிடிச்ச மாதிரி அடுக்கறது இந்த ஊர்லயே லவோன் ஒருத்திதான். அவ சமைச்சுக் குடுத்ததை வெச்சுட்டு நான் சமைச்சேன்னு சொல்றீங்களே. எனக்குக் கோபம் இல்ல. நேராச் சொல்லியிருக்கலாம்" என்றார். கோபம் இல்லை என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். நான் ஸ்கேலை எடுத்து வந்து காட்டினேன். அது இன்னும் கேவலமாகப் போயிற்று. அவர் கோட்டை எடுத்து ஒரு கையும் நுழைத்துவிட்டார். இந்தக் கதவு மூடினால் அடுத்த சாப்பாடும் நானும் நாயும்தான் என்று தெரிந்தது.

ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக, இது என்ன மிச்சம் என்று மின்சட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே எலும்புக் கூட்டுக்குள், வெங்காயத்துக்கு நடுவில், கிரேவிப் பொட்டலம். பிரிக்கவே இல்லை. நாள் முழுக்க வெந்து உப்பிப்போய்க் கிடந்தது, நல்ல வேளை கிழியவும் இல்லை, உருகவும் இல்லை. மார்லிஸ் அதைக் கரண்டியால் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "லவோன் செத்தாலும் இதைச் செய்ய மாட்டா" என்றார். சிரிக்க ஆரம்பித்தவர் கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நாய் பயந்து குரைத்தது. புகார்க் கடிதத்தைக் கேட்டு வாங்கி, மூன்றாவது பத்தியை அவரே சத்தமாகப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும், உங்கள் வீட்டில் சொந்தப் பாத்திரம் ஒன்றுகூட இல்லையா என்று கேட்டார். அலமாரியைத் திறந்து காட்டினேன். மேல்தட்டில் உன் அம்மாவுடையது இருக்கிறது, அடியில் ஜூடித் என்று அவள் கையெழுத்து. அடுப்பில் வைத்தாலோ கழுவினாலோ டேப் உரிந்துவிடும் என்று நான் அதைத் தொடுவதே இல்லை, அதனால்தான் லவோனுடையதை எடுத்தேன் என்று சொன்னேன். மார்லிஸ் அலமாரிக் கதவை மெதுவாகச் சாத்தினார். "அது அங்கேயே இருக்கட்டும்" என்றார். அப்புறம் மிச்சத்தில் பாதியைக் கட்டிக்கொண்டு, வாசலில் நின்று முக்கால் மணி நேரம் போய்வருகிறேன் போய்வருகிறேன் என்று பேசிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் வாசலில் ஒரு புதுக் கண்ணாடிப் பாத்திரம். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், யாரும் வெறும் பாத்திரத்தை இன்னொருவர் வாசலில் வைத்து நான் பார்த்ததில்லை. உள்ளே மார்லிஸ் கையெழுத்தில் ஒரு சீட்டு, எந்தச் செவ்வாய்க்கிழமை என்று நீங்களே சொல்லுங்கள் என்று. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் டேப்பில் டெல்மர் என்று எழுதியிருந்தது.

வேளைக்குச் சாப்பிடு. கார் டயரில் காற்றுப் பார். எப்போதாவது வான்கோழி வாங்கினால் முதலில் உள்ளே கையை விட்டுத் துழாவு. அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. பாத்திரம் மேஜைமேல் காலியாகத்தான் இருக்கிறது, நாய் தினம் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகிறது. கடிதம் கிடைத்ததும் போன் செய். நீ சரி என்று சொன்ன பிறகுதான் அதில் எதையும் வைப்பேன்.

உன் அன்பு அப்பா,
டெல்மர்